கயிற்றின் கீழ் நுனியில் நிற்பவன்

தம்பி,

நீ அனுப்பிய படம் வந்து சேர்ந்தது. அதை நான் ஒருவருக்கும் காட்டவில்லை. எங்கள் வளவு வேம்பைவிடப் பெரிய மரமொன்றில், இடுப்பில் வார் கட்டிக் கயிற்றில் சாய்ந்து நிற்கிறாய். ஒரு கையில் மரம் அரிகிற வாள். மற்றக் கையைத் தூக்கி, படம் எடுத்தவனுக்கு ஆட்டுகிறாய். தலைக்குப் போட்ட தொப்பி பிடரியில் கிடக்கிறது. பல்லெல்லாம் தெரிகிறது. அந்த உயரத்தில் நின்று கை காட்ட, கீழே உனக்கு யார் வாக்குப் போடக் காத்து நின்றார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. வௌவாலும் மரத்தில்தான் தொங்குகிறது. அது போகிற வருகிறவனைப் பார்த்துச் சிரிப்பதில்லை.

மரம் தறிக்கிற வேலை குறைவான வேலை என்று நான் நினைக்கவில்லை. நீ ரொறன்ரோவுக்குப் போய் கோட் போட்டு மேசைக்குப் பின்னால் இருப்பாய் என்று நான் ஊரில் சொல்லித் திரியவும் இல்லை. கையால் உழைத்துச் சாப்பிடுகிறாய், நல்லது. நான் இந்தக் கடிதத்தை எழுதுவதற்குக் காரணம் படம்கூட இல்லை, படத்தோடு நீ எழுதியிருந்த வரிகள். "சிவா அண்ணைதான் கீழை கயிறு பிடிக்கிறவர், அம்மா. பெரியப்பா பொம்பர் சுத்தேக்கையும் அப்பாவின்ரை கயித்தை விடாத மனிசன். அந்த இரத்தம்தானே இவருக்கும். ஒண்டுக்கும் பயப்பிடாதையுங்கோ." இதை வாசித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. பயத்தினால் என்று நினைக்காதே. ஆத்திரத்தினால். அந்தப் பொய் கடல் தாண்டி உன்னிடமும் வந்து, உன் இடுப்பில் கயிறாகச் சுற்றிக்கொண்டு நிற்கிறது.

இப்போது கொஞ்ச நாளாகச் சண்டை நின்றிருப்பதால் கடிதங்கள் போய் வருகின்றன. கொழும்புக்குப் போகிற ஒருவரிடம் இதை ஒட்டாமலே கொடுத்து விடுகிறேன். வழியில் யாராவது எடுத்து வாசித்தால் வாசிக்கட்டும். முன்பெல்லாம் நான் எழுதுகிற கடிதத்தை அப்பா வாங்கிப் பார்த்துவிட்டு, பெரியப்பாவைப் பற்றி ஏதாவது இருந்தால், "உதை ஏன் பிள்ளைக்கு எழுதுறாய்" என்று வெட்டச் சொல்லுவார். நானும் வெட்டுவேன். இந்தமுறை எழுதத் தொடங்கும்போதே, ஒன்றும் வெட்டமாட்டேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பெரியப்பாவை நீ சின்ன வயதில் கண்டது போதாது. கொழும்பில் தெரு வேலைகளை மேற்பார்க்கிற ஓவசியராக இருந்தவர். எண்பத்துமூன்றில் வீடும் சாமானும் எரிந்து, உடுத்த துணியோடு கப்பலில் வந்து இறங்கியபோது நான்தான் முன் அறையை ஒழித்துக் கொடுத்தேன். அதற்காக நான் ஒருநாளும் அவரை இளக்காரமாகப் பார்த்ததில்லை. ஊர் எரிந்த நேரத்தில் ஓடி வந்தவன் எவனும் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் வந்து ஆறு மாதம் ஆகவில்லை, மனிதர் எங்கள் ஊருக்கே ஓவசியர் ஆகிவிட்டார். யாராவது கிணறு இறைத்தால் வரம்பில் நின்று பார்ப்பார். யாராவது வேலி அடைத்தால் கதியாலை இன்னும் கொஞ்சம் சரித்து நடச் சொல்லுவார். ஊரும் அவரை "ஓவசியர்" என்றே கூப்பிட்டது. அந்தப் பேரில் இருக்கிற நக்கல் அவருக்கு மட்டும் விளங்கவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதற்கு ஒரு மனிதனுக்கு இவ்வளவு கெப்பர், இவ்வளவு இறுமாப்பு எங்கிருந்து வருகிறது என்று நான் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். அவருடைய மகன் சிவாவும் அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தான். பிறகு அவனும் போனான், நீயும் போனாய். இனிச் சொல்லப்போவது நீங்கள் இரண்டு பேரும் இல்லாத காலத்தில் நடந்தது.

பலாலி இராணுவ முகாம் பக்கமிருந்து வந்த ஷெல் ஒன்று எங்கள் பின் ஒழுங்கையில் விழுந்ததை உனக்கு எழுதியிருந்தேன். அதன் அதிர்ச்சியில் வேம்பின் பெரிய கொப்பு அடியில் வெடித்துவிட்டது. முறியவில்லை, அரைகுறையாகத் தொங்கியது. தொங்கியதும் எங்கே? எங்கள் பங்கர் வாசலுக்கு நேர் மேலே. காற்று அடித்தால் கிறீச்சென்று சத்தம் வரும். குண்டு போடுகிற பொம்பர் வந்தால் ஓடி ஒளிகிற இடத்துக்கு மேலேயே ஒரு மரணம் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் மரம் ஏறுகிறவர்களைப் பிடிப்பது சுலபமில்லை. எல்லோரும் பங்கருக்குப் பனங்குற்றி தறிக்கப் போயிருந்தார்கள். கடைசியில் அப்பா, நான் ஏறுகிறேன் என்றார். தபால் கந்தோரில் முத்திரை குத்துகிற மனிதர்தான். ஆனால் இளமையில் தன் வீட்டு மரம் எல்லாம் தானே ஏறினவர். வல்வெட்டித்துறையில் தெரிந்த ஒருவரிடம் போய், வள்ளம் கட்டுகிற நைலோன் கயிறு ஒன்று வாங்கிவந்தார்.

அவர் ஏறின விதத்தை உனக்குச் சொல்லவேண்டும், ஏனென்றால் உன் படத்தில் அதில் ஒன்றையும் நான் காணவில்லை. முதல்நாளே கயிற்றை முற்றத்தில் விரித்து, ஒரு நுனியிலிருந்து மற்ற நுனிவரை விரல்களுக்கிடையில் இழுத்து இழுத்துப் பார்த்தார். எங்காவது நார் பிய்ந்திருக்கிறதா, எங்காவது மெலிந்திருக்கிறதா என்று. அடுத்தநாள் காலையில் வயிறு நிறையச் சாப்பிடவுமில்லை, வெறும் வயிற்றோடு போகவுமில்லை. மரத்தடியில் நின்று நெடுநேரம் மேலே பார்த்தார். குளவிக்கூடு இருக்கிறதா, பட்ட கொப்பு எது, பச்சைக் கொப்பு எது, காலை எங்கே வைப்பது, வாள் எந்தப் பக்கம் போகும், கயிறு எந்தப் பக்கம் போகும். அவ்வளவையும் தரையில் நின்றே பார்த்துவிட்டார். பெரியப்பா கையைக் கட்டிக்கொண்டு, "என்ன, பொம்பிளை பாக்கப் போறியே?" என்று கேட்டுத் தானே சிரித்தார். அப்பா அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. மரம் ஏறப் போகிறவனோடு பகிடி விடுகிறவனுக்கு மரத்தைப் பற்றியும் தெரியாது, மனிதனைப் பற்றியும் தெரியாது.

ஏற்பாடு என்னவென்றால், கயிறு மேலே கொப்புப் பிரிகிற ஒரு பச்சைக் கவருக்கு மேலால் போய்த் திரும்பி வரும். ஒரு நுனி அப்பாவின் உடம்பில். மற்ற நுனி கீழே நிற்கிறவர் கையில். அவர் ஏற ஏறக் கீழே நிற்கிறவர் தொய்வை இழுத்துக்கொள்ளவேண்டும். அவர் நின்று வெட்டும்போது கீழே நிற்கிறவர் இறுக்கிப் பிடிக்கவேண்டும். பெரியப்பாதான் பிடிப்பேன் என்று முன்னுக்கு வந்தார். மேலே போகாமல் மேலே போனவன் மாதிரிப் பேர் எடுக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான். அப்பா அவரிடம், பக்கத்தில் நிற்கிற பூவரசில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடிக்கச் சொன்னார். நான் வெட்டத் தொடங்கினதும் அதிலேயே முடிச்சுப் போட்டுவிடுங்கோ என்றும் சொன்னார். அப்படிச் சுற்றினால் பாரமெல்லாம் மரத்துக்குப் போய்விடும், ஒரு குழந்தைகூடப் பிடிக்கலாம். பெரியப்பாவுக்கு அதுதான் பிடிக்கவில்லைப் போலிருக்கிறது.

"என்ரை கை இருக்கேக்கை உதுக்கு ஏன் சுத்து?" என்றார்.

அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டார். ஏறினார்.

நான் குசினியில் நின்றேன். வாள் போகிற சத்தமும், பெரியப்பா கீழே நின்று மேலே கட்டளை போடுகிற சத்தமும் கேட்டன. இடப்பக்கம் வெட்டு, வலப்பக்கம் வெட்டு, காலை மாற்று. கொப்பில் இருக்கிறவனுக்குத் தெரியாத கொப்பு அவருக்குத் தெரியும். பிறகு பொம்பரின் இரைச்சல் வந்தது. உனக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. நான் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு பங்கருக்கு ஓடினேன். நானும் ஓடினேன் தம்பி, அதை மறைக்கவில்லை. உள்ளே இறங்கி நிமிர முதல் என் முதுகில் இன்னொரு உடம்பு வந்து விழுந்தது. பெரியப்பா.

"அவர் எங்கை?" என்று கேட்டேன்.

"வருவான்" என்றார்.

வருவான். மரத்தின் உச்சியில் கயிற்றில் சாய்ந்து நிற்கிற மனிதன், அந்தக் கயிற்றின் மற்ற நுனியைப் பிடிக்கவேண்டியவர் எனக்குப் பக்கத்தில் வந்து குந்தியிருக்க, எப்படி வருவான் என்று அந்த ஓவசியர் யோசித்தாரோ தெரியாது. நான் வெளியே ஏறப் பார்த்தேன். அதற்குள் குண்டு விழுந்தது. எங்களுக்கு இல்லை, தோட்டப் பக்கம். மண் கொட்டியது. கண் திறக்க முடியவில்லை. பொம்பர் திரும்பவும் சுற்றியது. அந்த நேரம் முழுக்க நான் கேட்டுக்கொண்டிருந்தது பொம்பரின் சத்தத்தை இல்லை, மேலிருந்து ஏதாவது விழுகிற சத்தத்தை.

விழவில்லை. வெளியே வந்து பார்த்தபோது அப்பா கொப்புக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தார். பெரியப்பா விட்ட கயிறு தொளதொளவென்று கவரில் கிடந்தது. அவரைத் தாங்கியது வேறொரு கயிறு. மேலே போனதும் ஒருவருக்கும் சொல்லாமல், மடியில் சுற்றிக் கொண்டுபோன ஒரு துண்டுக் கயிற்றால் தன் இடுப்பையும் நல்ல கொப்பையும் சேர்த்து முடிந்திருக்கிறார். பிடி விட்டதும் கொஞ்சத் தூரம் விழுந்து, அந்தத் துண்டில் நின்று, அடிமரத்தோடு போய் மோதியிருக்கிறார். தோள் கழன்று, விலாவும் நொந்திருந்தது. மற்றக் கையால் வாளை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தார். கீழே விட்டால் பங்கர் வாசலில் யாருக்காவது படும் என்று நினைத்தாராம். பிறகு தானே கொப்பில் ஏறி, ஒற்றைக் கையால் ஆறுதலாக, மெல்ல மெல்ல இறங்கி வந்தார்.

ஏன் அந்தத் துண்டுக் கயிறு என்று பிறகு ஒருநாள் கேட்டேன். "அண்ணையை எனக்குத் தெரியும்" என்றார். அவ்வளவுதான்.

அவர் இறங்கிக்கொண்டிருந்தபோது ஒன்று நடந்தது. அதை நான் என் கண்ணால் கண்டேன். சத்தம் கேட்டு ஒழுங்கைச் சனம் படலையைத் திறந்துகொண்டு ஓடி வந்தது. அவர்கள் உள்ளே கால் வைக்க முதல் பெரியப்பா தாவிப் போய், நிலத்தில் கிடந்த கயிற்று நுனியை எடுத்து, கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, காலை ஊன்றிப் பின்னுக்குச் சாய்ந்து நின்றுகொண்டார். ஒரு பாரமும் இல்லாத கயிற்றை. வந்தவர்கள் கண்டது என்ன? மேலே காயப்பட்ட தம்பி, கீழே பல்லைக் கடித்துக் கயிறு பிடிக்கிற அண்ணன். ஒருவர், "பொம்பருக்கும் விடேல்லையோ, ஓவசியர்?" என்று கேட்டார். பெரியப்பா, "எப்பிடி விடுறது?" என்றார்.

கதை அப்படித்தான் பிறந்தது. பின்னேரத்துக்குள் சங்கக்கடை வாசலுக்குப் போய்விட்டது. ஒரு கிழமையில் அச்சுவேலிச் சந்தைவரை போனது. ஒவ்வொரு வாயிலும் பொம்பர் இன்னும் கொஞ்சம் பதிந்து பறந்தது. பெரியப்பாவின் கையில் இருந்த கீறல் இன்னும் கொஞ்சம் ஆழமானது. அந்தக் கீறலும் பங்கர் வாசல் தகரத்தில் பட்டது. நான் கிணற்றடியில் இரண்டு பேருக்கு உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். ஒருத்தி, புருசன்ரை தமையனை இப்படிக் கதைக்கக்கூடாது என்று எனக்குப் புத்தி சொன்னாள். மற்றவள் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சனத்துக்கு அந்த நாளில் ஒரு வீரன் தேவைப்பட்டான், கிடைத்ததை எடுத்துக்கொண்டது. அதில் ஒருத்தரும் மரத்தடிக்கு வந்து மேலே கவரில் கயிறு எவ்வளவு தொய்ந்து கிடந்தது என்று பார்க்கவில்லை.

அப்பாவிடம் சண்டை பிடித்தேன். ஊருக்கு நீங்கள் சொல்லுங்கோ, உங்கள் வாயால் சொன்னால் நம்புவார்கள் என்றேன். கழுத்தில் கையைக் கட்டித் தொங்கவிட்டபடி சாய்மனைக் கதிரையில் கிடந்தவர், "வீடும் போச்சு, உத்தியோகமும் போச்சு. உதையும் எடுத்தால் அண்ணைக்கு என்ன மிஞ்சும்?" என்றார். கேட்பதற்கு நல்ல மனமாகத்தான் இருக்கும். எனக்கு அது நல்ல மனமாகப் படவில்லை. ஒரு பொய்யனுக்கு உடுக்கக் கொடுத்த உடுப்பாகத்தான் பட்டது. அதை உடுத்துக்கொண்டு அவர் எங்கெங்கே போவார் என்று அப்பா யோசிக்கவில்லை.

இதை ஆறுதலாக வாசி, தம்பி. பெரியப்பா பயந்து ஓடினதற்காக நான் அவரை வெறுக்கவில்லை. பொம்பர் வந்தால் ஓடவேண்டும். நான் ஓடினேன், பக்கத்து வீட்டார் ஓடினார்கள், இயக்கப் பெடியளும் ஓடினார்கள். கால் என்று இருந்தால் ஓடும். அதற்காகத்தான் அந்த இரண்டு சுற்று. அதற்காகத்தான் அந்த முடிச்சு. பூவரசில் முடிந்துவிட்டு ஓடியிருந்தால் அவரும் பிழைத்திருப்பார், அப்பாவுக்கும் ஒன்றும் ஆகியிராது, நான் அவருக்கு அன்றைக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்திருப்பேன். முடிச்சு என்பது, எனக்கும் பயம் வரும், எனக்கும் கை வழுக்கும், என் புத்தியும் ஒரு நிமிஷம் வேறெங்கோ போகும் என்று ஒத்துக்கொள்வது. அதை ஒத்துக்கொள்ள அவருடைய கெப்பர் விடவில்லை. நான் வெறுப்பது அந்தக் கெப்பரை.

பிறகு இரண்டு மாரி போனது. வாசிகசாலைக்குப் பின்னால் நிற்கிற புளியமரத்தின் கொப்புகள் கூரை ஓட்டில் சாய்ந்துவிட்டன. கொப்புகளைத் தறிக்கவேண்டும் என்று வாசிகசாலைக்காரர் தீர்மானித்தார்கள். ஏறுவதற்குக் குணத்தைப் பிடித்தார்கள். குணம் சுருட்டுக் கொட்டிலில் வேலை செய்கிறவன், உனக்கு ஞாபகம் இருக்கும், உன் சைக்கிளுக்கு ஒருமுறை காற்றடித்துத் தந்தவன். இரண்டு பெண்பிள்ளைகள். இடைக்கிடை கூலிக்கு மரம் ஏறுவான். கயிறு பிடிக்க யார்? கேட்க வேண்டுமா? ஊரிலேயே பேர்பெற்ற கயிறு பிடிகாரர் எங்கள் வீட்டு முன் அறையில் அல்லவா இருந்தார். கயிறும் எங்கள் வீட்டு நைலோன் கயிறுதான்.

அப்பாவும் போனார். அவர் குணத்தைத் தனியே கூப்பிட்டு, மேலே போனதும் ஒரு துண்டுக் கயிற்றால் உன்னைக் கொப்போடு கட்டு, தம்பி, கையை நம்பாதே என்று சொன்னாராம். குணம் சிரித்தான்.

"ஓவசியர் பொம்பருக்கே விடேல்லை, அண்ணை. இப்ப விடுவாரோ?"

அந்த இடத்தில் அப்பா வாயைத் திறந்திருக்கலாம். பெரியப்பா எட்ட நின்று வாசிகசாலைக்காரரோடு கதைத்துக்கொண்டிருந்தார். ஒரு வசனம் போதும். அப்பா சொல்லவில்லை. குணம் ஏறினான்.

பொம்பரும் வரவில்லை, ஹெலியும் வரவில்லை, ஷெல்லும் வரவில்லை. அமைதியான ஒரு காலை. குணம் மேலே நின்று வெட்டிக்கொண்டிருந்தான். கீழே பெரியப்பா கயிற்றைப் பிடித்தபடி நின்றார், எந்த மரத்திலும் சுற்றாமல். புத்தூரிலிருந்து வந்த யாரோ ஒருவர், அந்தப் பொம்பர் கதை உண்மைதானோ, எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். பெரியப்பா சொல்லத் தொடங்கினார். பொம்பர் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று காட்ட ஒரு கையை எடுத்தார். எப்படிப் பதிந்தது என்று காட்ட மற்றக் கையையும் எடுத்தார். கயிற்றை விடாமல் பிடித்த கதையைச் சொல்வதற்காகக் கயிற்றை விட்டார். அந்த நேரம் பார்த்துக் குணம் வாளை மாற்றிப் பிடிக்கப் பின்னுக்குச் சாய்ந்தான். பின்னுக்கு ஒன்றும் இல்லை.

வெட்டிப்போட்ட கொப்பின் மேல் விழுந்தான். நான் சங்கக்கடைப் பக்கமிருந்து ஓடிப் போனபோது கதவொன்றைக் கழற்றி அதில் அவனைக் கிடத்திக்கொண்டிருந்தார்கள். முனகினான், அழவில்லை. மண்ணெண்ணெயில் ஓடுகிற வான் ஒன்றைப் பிடித்து யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் தப்பியது. இடுப்பும் முதுகும் போய்விட்டன. இரண்டு தடி இல்லாமல் இன்றைக்கும் அவனால் எழும்ப முடியாது.

வான் போன பிறகு ஒருவரும் கலையவில்லை. பெரியப்பா புளியமரத்தடியில் நின்று, கயிறு இத்துப்போய்விட்டது, பாரம் தாங்காமல் அறுந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் தரம் சொன்னபோது அதை அவரே நம்பத் தொடங்கியதை நான் முகத்தில் கண்டேன். சனம் தலையை ஆட்டியது. ஓவசியர் சொன்னால் சரிதானே. அப்போது அப்பா போய், கவரில் தொங்கிய கயிற்றை இழுத்தார். அது முழுதும் விழுந்தது. முதல் நுனியை எடுத்து, அன்றைக்கு எங்கள் முற்றத்தில் செய்தது போலவே, விரல்களுக்கிடையில் இழுத்து இழுத்துக் கடைசி நுனிவரை எல்லோரும் பார்க்கக் கொண்டுவந்தார். எங்கும் ஒரு பிய்ச்சலும் இல்லை. கயிற்றைப் பெரியப்பாவின் காலடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"கயிறு அறேல்லை. அண்ணைதான் கையை விட்டவர். அண்டைக்கும் விட்டவர்."

அவர் சத்தம் போடவில்லை. பெரியப்பா காலடியில் கிடந்த கயிற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பவில்லை. அவரை அந்தக் கொஞ்ச நேரமாவது யாராவது ஒருத்தர் கண்ணுக்கு நேரே பார்க்கவேண்டும் என்று இருந்தது எனக்கு.

நீ நினைப்பாய், அப்பா வென்றுவிட்டார் என்று. அடுத்தநாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். குணத்தின் மனைவி கட்டிலடியில் நிலத்தில் இருந்தாள். அவளுக்கு அதற்குள் கதை போய்விட்டது. அப்பாவை நிமிர்ந்து பார்த்து, "உதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, அண்ணை" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. விளங்காமல் கேட்டாள். வரும் வழியெல்லாம் அப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்தார், ஏறவில்லை. அன்றையிலிருந்து காலையில் குணத்தின் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் அள்ளி நிரப்பிவிட்டுத்தான் கந்தோருக்குப் போகிறார். அவர் நல்லவர் என்று ஊர் இப்போது அதையும் ஒரு கதையாகச் சொல்கிறது. அந்தத் தண்ணீரை விட, அன்றைக்குச் சொல்லாமல் விட்ட அந்த ஒரு வசனம் பாரம் குறைந்தது. பெரியப்பா தென்மராட்சிப் பக்கம், மனைவியின் ஆட்களோடு போய் இருக்கிறார். அண்ணனும் தம்பியும் முகம் பார்ப்பதில்லை. அங்கேயும் அவர் பொம்பர் கதையைச் சொல்கிறாராம். குணத்தின் கதையைச் சொல்கிறதில்லை.

இனி நீ. உங்கள் நாட்டில் நல்ல கயிறு இருக்கும், நல்ல வார் இருக்கும், சட்டம் இருக்கும், சட்டத்தைப் பார்க்க ஆள் வரும். எல்லாம் நல்லது. ஆனால் எந்தக் கயிறும் தானாக ஒருவரைப் பிடித்துக்கொள்வதில்லை. மேலே ஏறினால் உன் இடுப்பையும் கொப்பையும் சேர்க்கிற கயிறு ஒன்று எப்போதும் இருக்கட்டும். ஒன்றை அவிழ்க்கவேண்டி வந்தால் மற்றதைக் கட்டின பிறகு அவிழ். வாள் போகிற பக்கத்தில் கயிறு இருக்கக்கூடாது. நீ வெட்டுகிற கொப்பில் உன் கயிறு தொங்கக்கூடாது. சிரிக்காதே, படித்தவர்களும் அதைச் செய்கிறார்கள். மழை பெய்த அன்று ஏறாதே. காலையில் யாரோடாவது சண்டை பிடித்திருந்தால் ஏறாதே, அன்றைக்கு நீ மரத்தில் நிற்கமாட்டாய், அந்தச் சண்டையில்தான் நிற்பாய். மேலே நிற்கும்போது வேலையைத் தவிர ஒரு சொல்லும் கதையாதே, கேட்கவும் வேண்டாம். படம் எடுக்க வருகிறவன் நீ இறங்கின பிறகு வரட்டும். தரையில் நின்று எவ்வளவு வேண்டுமென்றாலும் பல்லைக் காட்டு.

அப்பாவைப் போல் ஒருவருக்கும் தெரியாமல் கட்டாதே. அதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். அவர் மறைவாகக் கட்டினதால் அவர் பிழைத்தார், இன்னொருவன் முதுகு முறிந்தது. நீ எல்லோரும் காணக் கட்டு. கீழே நிற்கிறவனுக்கு முகம் சுருங்கினால் சுருங்கட்டும். உன்னை நம்பாமல்தான் கட்டுகிறேன் என்று சொல்லு. என்னையும் நம்பாமல்தான் கட்டுகிறேன் என்றும் சொல்லு.

சிவாவைப் பற்றி எனக்கு ஒரு குறையும் தெரியாது. எங்கள் வீட்டில் இருந்தபோது கேட்காமலே விறகு கொத்தித் தருவான், சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவுவான். தகப்பனின் கெப்பர் பிள்ளைக்கு இரத்தத்தில் வரும் என்று நான் நம்பவில்லை. வீரம் இரத்தத்தில் வரும் என்று நீ நம்புகிறாயே, அந்த விசர்க்கதையைத்தான் நம்பவில்லை. அவனும் அந்தப் பொம்பர் கதையைக் கேட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் கீழே நிற்கிறான். அப்படி நிமிர்த்திக்கொண்டு நிற்கிறவன் கையில் உன்னை நான் விடமாட்டேன். அதனால் இந்தக் கடிதத்தை அவனை முன்னால் இருத்தி, ஒரு வரியும் விடாமல் வாசித்துக் காட்டு. அவன் என்னில் கோபப்படலாம், சின்னம்மா பொய் சொல்கிறா என்று கத்தலாம், கடிதத்தைக் கிழித்து எறியலாம். அது அவன் உரிமை, என் தகப்பனைப் பற்றி யாராவது இப்படி எழுதினால் நானும் கிழிப்பேன். ஆனால் அன்றைக்கு நீ மரம் ஏறாதே. அடுத்தநாளும் பொறு. அவன் ஒன்றும் கதையாமல் எழும்பிப் போய், கயிற்றை மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, இறுக்கி, முடிச்சுப் போடுகிறானா என்று பார். போட்டானென்றால், ஏறு.

அம்மா